ஒளியிழை வலையமைப்பில் பண்பேற்றி: புதிதாகக் கற்பவர்களுக்கான வழிகாட்டி

ஒளியிழை வழியாகச் செல்லும் எந்தத் தகவலும் ஓரிடத்தில் மின் வடிவத்திலிருந்து ஒளி வடிவத்துக்கு மாறியாக வேண்டும். அந்த வேலையைச் செய்யும் உறுப்பு பண்பேற்றி. ஆய்வகங்களிலும் நிலையங்களிலும் இதை மாடுலேட்டர் என்றே அழைக்கிறார்கள். இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள்: இது 10 கிகாபிட்டா, 100 கிகாபிட்டா? என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு. பண்பேற்றி என்பது அடிப்படையில் ஓர் அனலாக் கருவி. கொடுக்கும் மின்னழுத்தத்துக்கும் வெளிவரும் ஒளிக்கும் இடையே அதற்கென்று ஒரு வளைவு உண்டு. அந்த வளைவின் எந்தப் புள்ளியில் கருவியை நிறுத்தியிருக்கிறோம் என்பது தெரிந்தவருக்கு மற்றவை எல்லாம் எளிதில் பிடிபடும். அது தெரியாதவருக்கு எவ்வளவு வேகமான கருவி கிடைத்தாலும் பயனில்லை. இந்த வழிகாட்டி அந்த வளைவை மையமாக வைத்தே செல்கிறது.

படி 1: ஒளியில் எதை மாற்றுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

நெடுந்தொலைவு இணைப்புகளில் பயன்படும் லேசரின் அலைநீளம் ஏறக்குறைய 1550 நானோமீட்டர். அதிர்வெண் ஏறக்குறைய 193.4 டெராஹெர்ட்ஸ். 10 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 100 பிக்கோநொடி. அந்தச் சிறு இடைவெளிக்குள் ஒளியலை 19,000 தடவைக்கு மேல் அலைந்துவிடுகிறது. ஆகவே நாம் ஒளியின் ஒவ்வோர் அலைவையும் தொடுவதில்லை. ஆயிரக்கணக்கான அலைவுகள் கொண்ட ஒரு தொகுதியின் வீச்சையோ (அலையின் உயரம்) கட்டத்தையோ (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) மாற்றுகிறோம். வீச்சை மட்டும் மாற்றினால், ஒளி இருக்கிறதா இல்லையா என்பதை உணரும் எளிய ஒளி டையோடே மறுமுனையில் போதும். கட்டத்தையும் மாற்றினால் ஒரே நேரத்தில் அதிகப் பிட்களை ஏற்றலாம், ஆனால் அதைப் படிக்க மறுமுனையில் இன்னொரு லேசரைக் கொண்ட கோஹெரண்ட் ஏற்பி தேவைப்படும்.

படி 2: தனியாக ஒரு பண்பேற்றி தேவையா என்று கணக்கிட்டுப் பாருங்கள்

மிக எளிய வழி, லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தையே கூட்டிக் குறைப்பது. இதை நேரடிப் பண்பேற்றம் என்கிறோம். வீடுகளுக்கு இழை கொண்டுவரும் ஜிபான் அமைப்பில் 1490 நானோமீட்டரில் 2.488 கிகாபிட் கீழ்நோக்கியும், 1310 நானோமீட்டரில் 1.244 கிகாபிட் மேல்நோக்கியும் செல்வது பெரும்பாலும் இந்த முறையில்தான். 20 கிலோமீட்டர் தொலைவுக்கு இது போதும், செலவும் குறைவு. தேவையில்லாத இடத்தில் விலையுயர்ந்த பண்பேற்றியைக் கொண்டுவருவது நல்ல பொறியியல் அல்ல.

வேகமும் தொலைவும் கூடும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லேசரின் மின்னோட்டம் மாறும்போது அதனுள் இருக்கும் எலக்ட்ரான்களின் அடர்த்தி மாறுகிறது. அதனால் ஒளிவிலகல் எண் மாறுகிறது. அதனால் ஒளியின் அலைநீளமும் ஒவ்வொரு பிட்டின் போதும் சற்றே நகர்கிறது. இந்த நகர்வுக்குச் சிர்ப் என்று பெயர். வழக்கமான ஒற்றைமுறை இழையில் 1550 நானோமீட்டரில் நிறப்பிரிகை ஏறக்குறைய 17 பிக்கோநொடி என்ற அளவில் இருக்கிறது. அதாவது ஒரு நானோமீட்டர் அகலமுள்ள ஒளி ஒரு கிலோமீட்டர் செல்லும்போது 17 பிக்கோநொடி விரிகிறது. 80 கிலோமீட்டருக்கு இது 1360 பிக்கோநொடி. சிர்ப்பினால் ஒளியின் அகலம் 0.3 நானோமீட்டர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், மறுமுனையில் ஒவ்வொரு பிட்டும் ஏறக்குறைய 400 பிக்கோநொடிக்கு விரிந்து, 10 கிகாபிட் வேகத்தில் அடுத்துவரும் நான்கு பிட்களின் மேல் படிந்துவிடும். சிர்ப் இல்லாத ஒளியானால், பண்பேற்றத்தால் தவிர்க்க முடியாமல் வரும் அகலம் 0.08 நானோமீட்டர் மட்டுமே. விரிவு ஏறக்குறைய 109 பிக்கோநொடி, அதாவது ஒரு பிட் அளவு. நிறப்பிரிகையை ஈடுசெய்யாத 10 கிகாபிட் இணைப்புக்கு 80 கிலோமீட்டர் என்பது ஏன் எல்லையாகப் பேசப்படுகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது.

உங்கள் இணைப்புக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். விரிவு ஒரு பிட் நேரத்தைத் தாண்டுமானால் லேசரைச் சீராக எரியவிட்டு, அதற்கு வெளியே தனிப் பண்பேற்றியை வைப்பதே வழி. வேகம் இரு மடங்கானால் ஒளியின் அகலம் இரு மடங்காகிறது, பிட் நேரமோ பாதியாகிறது. ஆகவே எட்டக்கூடிய தொலைவு நான்கில் ஒன்றாகச் சுருங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: எந்த வகைப் பண்பேற்றி என்று தேர்ந்தெடுங்கள்

நடுத்தரத் தொலைவுகளில் மின்னுட்கவர் பண்பேற்றி பரவலாகப் பயன்படுகிறது. குறைகடத்தியின் மீது மின்புலத்தைச் செலுத்தினால் அது ஒளியை உட்கவரும் எல்லை நகர்கிறது. முன்பு ஊடுருவிச் சென்ற ஒளி இப்போது உள்ளேயே தங்கிவிடுகிறது. பருமனான குறைகடத்தியில் நிகழும் இந்த விளைவை ஃபிரான்ஸும் கெல்டிஷும் 1958-இல் தனித்தனியே விளக்கினார்கள். குவாண்டம் கிணறுகள் எனப்படும் மிக மெல்லிய குறைகடத்தி அடுக்குகளில் இதைவிட வலுவாக நிகழும் விளைவு 1984-இல் பெல் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. இந்தப் பண்பேற்றி ஒரு மில்லிமீட்டரையும் எட்டாத நீளமுடையது. ஏறக்குறைய 2 வோல்ட்டில் இயங்கும். லேசருடன் ஒரே இண்டியம் பாஸ்பைடு சில்லில் சேர்த்துச் செய்யலாம். வெப்பநிலைக்கும் அலைநீளத்துக்கும் ஏற்ப இதன் நடத்தை மாறுவதும், சிறிதளவு சிர்ப் இருப்பதும் குறைகள்.

நெடுந்தொலைவுக்கும் கட்டப் பண்பேற்றத்துக்கும் மாக்-ஜெண்டர் பண்பேற்றியே தகுந்தது. இதை நன்றாகப் புரிந்துகொண்டவருக்கு மற்ற வகைகள் கடினமாக இரா என்பதால் இனி வரும் படிகள் இதைப் பற்றியவையே.

படி 4: மாக்-ஜெண்டர் வேலை செய்யும் விதத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள்

உள்ளே வரும் ஒளி இரண்டு சமமான அலைவழிகளாகப் பிரிகிறது. சில சென்டிமீட்டர் இணையாகச் சென்றபின் இரண்டும் மறுபடி ஒன்றுசேர்கின்றன. இரு கிளைகளின் ஒளியும் ஒரே கட்டத்தில் வந்து சேர்ந்தால் முழு ஒளியும் வெளியேறும். எதிரெதிர்க் கட்டத்தில் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அழிந்த ஒளி மாயமாகிவிடுவதில்லை. வெளியேறும் அலைவழியில் நுழைய முடியாமல் படிகத்துக்குள் சிதறிப்போகிறது. ஜெண்டர் 1891-இலும் மாக் 1892-இலும் கண்ணாடிகளை வைத்து அமைத்த குறுக்கீட்டுமானியின் அதே தத்துவம்தான் இங்கே ஒரு சில்லுக்குள் அடங்கியிருக்கிறது.

கட்டத்தை மாற்றுவது எது? லித்தியம் நையோபேட் படிகத்தில் மின்புலத்தைச் செலுத்தினால் அதற்கு நேர்விகிதத்தில் ஒளிவிலகல் எண் மாறும். இது பாக்கல்ஸ் விளைவு. மாற்றம் மிகமிகச் சிறியது. 4 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளைகளில் 1550 நானோமீட்டர் ஒளியை அரை அலைநீளம் நகர்த்த, இரு கிளைகளுக்கும் இடையே ஒளிவிலகல் எண்ணில் ஏறக்குறைய 0.00002 அளவு வேறுபாடு இருந்தாலே போதும். படிகத்தின் ஒளிவிலகல் எண் 2.2-ஐ ஒட்டி இருக்கிறது. அதன் ஐந்தாவது தசம இடத்தில் நிகழும் மாற்றம் ஒளியை முழுவதும் திறக்கவும் மூடவும் செய்கிறது என்பது எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் வியப்பூட்டுகிறது. இவ்வளவு நுண்மையான சமநிலையில் நிற்கும் கருவி வெப்பத்தாலும் தேங்கும் மின்னூட்டத்தாலும் இடம்பெயர்வதும் அதனாலேயே.

ஒளியை முழு வெளிச்சத்திலிருந்து முழு இருளுக்குக் கொண்டுசெல்லத் தேவையான மின்னழுத்தம் அரையலை மின்னழுத்தம் எனப்படும். வழக்கமான லித்தியம் நையோபேட் கருவிகளில் இது சில வோல்ட்டுகள். இந்த எண் உங்கள் கருவியில் எவ்வளவு என்பதை ஆவணத்தில் படிப்பதோடு நிறுத்தாமல் நீங்களே அளந்து பார்க்க வேண்டும்.

படி 5: வளைவை அளந்து வரையுங்கள்

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். 1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே லேசர் இயங்கும்போது இழையின் முனையையோ கனெக்டரையோ ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். ஒவ்வோர் இணைப்புக்கும் முன் கனெக்டரின் முகத்தைத் துடைத்து, அதற்கென்று உள்ள நுண்ணோக்கியில் பாருங்கள். ஒளிப்பாதையின் மையம் 9 மைக்ரோமீட்டர் அளவே உடையது என்பதால் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசுகூட அளவீட்டையே கெடுத்துவிடும்.

லித்தியம் நையோபேட் பண்பேற்றி ஒளியின் ஒரு தளவிளைவுத் திசைக்கு (ஒளியின் மின்புலம் அதிரும் திசை) மட்டுமே சரியாக வேலை செய்யும். எனவே லேசருக்கும் பண்பேற்றிக்கும் இடையே தளவிளைவைக் காக்கும் இழையைப் பயன்படுத்தி, கனெக்டரின் புடைப்பு உரிய பள்ளத்தில் பொருந்துவதை உறுதிசெய்யுங்கள். சாதாரண இழையைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் தளவிளைவுக் கட்டுப்படுத்தியைச் சேர்த்து, வெளிவரும் ஒளி அதிகபட்சமாகும் வரை திருப்புங்கள்.

இப்போது அதிவேகச் சைகை எதையும் கொடுக்காமல், பயாஸ் முனையில் (கருவியை வளைவின் ஒரு புள்ளியில் நிறுத்துவதற்கான முனை) மட்டும் மாறாத டிசி மின்னழுத்தத்தைக் கொடுத்து, ஆவணம் அனுமதிக்கும் எல்லைக்குள் அரை வோல்ட் அரை வோல்ட்டாக ஏற்றிக்கொண்டே ஒளித்திறன் மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திறன் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கி, ஏறக்குறைய சுழியாகி மீண்டும் ஏறும். உச்சத்துக்கும் அடுத்த அடிப்புள்ளிக்கும் இடையே உள்ள மின்னழுத்த வேறுபாடே பயாஸ் முனையின் அரையலை மின்னழுத்தம். அதிவேக முனைக்கு இந்த எண் வேறாக இருக்கலாம், அதிர்வெண் ஏற ஏறக் கூடவும் செய்யும். உச்சத் திறனுக்கும் அடித் திறனுக்கும் உள்ள விகிதம் எக்ஸ்டிங்ஷன் விகிதம். உச்சத்தில் 1 மில்லிவாட்டும் அடியில் 0.005 மில்லிவாட்டும் கிடைத்தால் அது 200 மடங்கு, அதாவது 23 டெசிபல். இந்த அளவு கிடைத்தால் கருவியின் இரு கிளைகளும் நன்றாகச் சமப்பட்டிருக்கின்றன என்று பொருள்.

பல கருவிகளில் சுழி வோல்ட்டில் உச்சம் இராது. செய்முறையின்போது இரு கிளைகளிலும் நேர்ந்த நுண்ணிய வேறுபாட்டால் வளைவு முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். அது கோளாறு அல்ல.

படி 6: பயாஸ் புள்ளியைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும் நிதானமாகப் படிக்க நேரம் உண்டென்றால் இதைப் படியுங்கள். அரையலை மின்னழுத்தம் 4 வோல்ட் உள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். உச்சம் சுழி வோல்ட்டில் இருக்கிறது என்று கொள்வோம். 1 வோல்ட்டில் ஒளி 85 சதவீதம், 2 வோல்ட்டில் 50 சதவீதம், 3 வோல்ட்டில் 15 சதவீதம், 4 வோல்ட்டில் சுழி. முதல் ஒரு வோல்ட்டில் ஒளி 15 சதவீதம்தான் குறைகிறது. அடுத்த வோல்ட்டில் 35 சதவீதம் குறைகிறது. நடுவில் வளைவு செங்குத்தாகவும் நேர்க்கோட்டை ஒட்டியும் இருக்கிறது. இரு ஓரங்களிலும் தட்டையாகிவிடுகிறது.

ஒளியை இயக்கி அணைக்கும் எளிய முறைக்குப் பயாஸை 2 வோல்ட்டில், அதாவது ஒளி பாதியாக இருக்கும் குவாட்ரேச்சர் புள்ளியில் நிறுத்துங்கள். அதன்மேல் கீழ் முனையிலிருந்து மேல் முனைவரை 4 வோல்ட் அலைவுள்ள சைகையைக் கொடுத்தால் ஒளி முழுவதும் திறந்து முழுவதும் மூடும். சைகையின் மேல்கீழ் முனைகளில் வளைவு தட்டையாக இருப்பதால் மின்சைகையில் உள்ள சிறு ஏற்ற இறக்கங்கள் ஒளியில் மட்டுப்படுகின்றன; இது நமக்கு இலவசமாகக் கிடைக்கும் நன்மை. மாறாக 2 வோல்ட் அலைவு மட்டுமே கொடுத்தால் ஒளி 85-க்கும் 15-க்கும் இடையே ஊசலாடும், விகிதம் 5.8 மடங்கு, ஏறக்குறைய 7.7 டெசிபல். குறுகிய இணைப்புக்கு இதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஒரு சிம்பலில், அதாவது ஒரு தடவை அனுப்பும் ஒளித்துண்டில், நான்கு ஒளி அளவுகளில் ஒன்றை வைத்து இரண்டு பிட்களை ஏற்றும் பாம்-4 முறையில் தட்டையான பகுதி நன்மையாக இராது. நான்கு அளவுகளும் சம இடைவெளியில் அமைய, நேர்க்கோடான நடுப்பகுதிக்குள் நிற்க வேண்டும், அல்லது மின்சைகையையே முன்கூட்டித் திருத்தித் தரவேண்டும். 500 மீட்டருக்கான 400 கிகாபிட் ஈதர்நெட் வகை ஒன்றில் நான்கு இழைகள் ஒவ்வொன்றிலும் நொடிக்கு 53.125 கிகா சிம்பல்கள் இந்த முறையில்தான் செல்கின்றன.

வளைவில் இறங்கு சரிவும் ஏறு சரிவும் உண்டு. இரண்டிலும் குவாட்ரேச்சர் புள்ளி இருக்கிறது. தவறான சரிவில் நின்றால் ஒன்றுகள் சுழிகளாகவும் சுழிகள் ஒன்றுகளாகவும் தலைகீழாகும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் மறுமுனையில் ஒன்றும் புரியாத நிலை வந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

படி 7: அதிவேகச் சைகையைக் கொடுங்கள்

4 சென்டிமீட்டர் படிகத்தைக் கடக்க ஒளிக்கு ஏறக்குறைய 290 பிக்கோநொடி ஆகிறது. அதாவது 10 கிகாபிட் வேகத்தில், ஒளியின் ஒரு துண்டு வெளியேறும் முன்பே மூன்று பிட்கள் உள்ளே வந்துவிடுகின்றன. மின்முனை முழுவதற்கும் ஒரே மின்னழுத்தத்தைக் கொடுத்தால் அந்த மூன்று பிட்களும் கலந்துபோகும். ஆகவே மின்சைகையும் ஒளியும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், தோளோடு தோள் சேர்ந்து ஓடுமாறு மின்முனை ஒரு செலுத்துதடமாக (டிரான்ஸ்மிஷன் லைன்) அமைக்கப்படுகிறது. லித்தியம் நையோபேட்டில் மின்சைகை இயல்பாகவே ஒளியைவிட மெதுவாகச் செல்லும் என்பதால், மின்முனைக்கும் படிகத்துக்கும் இடையே சிலிக்கா அடுக்கை வைத்தும் மின்முனையைத் தடிமனாக்கியும் அதன் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

இந்தத் தடத்தின் முடிவில் பொதுவாக 50 ஓம் மின்தடை இருக்கும். கருவிக்குள்ளேயே அது இல்லையென்றால் நீங்கள் வெளியே பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் சைகை திரும்பி வந்து தன்னோடு தானே மோதும். 4 வோல்ட் அலைவை 50 ஓமுக்குக் கொடுக்க ஏறக்குறைய 80 மில்லிவாட், அதாவது 19 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல் அளவு) தேவை. மின்னணுச் சில்லுகள் நேரடியாக இவ்வளவு தராது என்பதால் இடையில் டிரைவர் பெருக்கி வைக்கப்படுகிறது. கருவி தாங்கும் உச்ச அளவை ஆவணத்தில் பார்த்து, பெருக்கியைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். கருவியின் அலைவரிசை அகலம் சிம்பல் வேகத்தின் 0.7 மடங்காவது இருப்பது நல்லது.

படி 8: கண் வரைபடத்தைப் பார்த்துத் திருத்துங்கள்

வெளிவரும் ஒளியை வேகமான ஒளி டையோடு வழியாக அலைநோக்கியில் காட்டி, எல்லாப் பிட்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் கண் போன்ற வடிவம் தெரியும். மேலேறும் கோடும் கீழிறங்கும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கவனியுங்கள். அது சரியாக நடுவில் இருந்தால் பயாஸ் சரி. மேலே ஏறியோ கீழே இறங்கியோ இருந்தால் பயாஸ் குவாட்ரேச்சரிலிருந்து விலகிவிட்டது. கண் மூடியிருந்தும் வெட்டுமிடம் நடுவிலேயே இருந்தால் பயாஸைத் தொடாதீர்கள். டிரைவர், கேபிள், 50 ஓம் முடிவு ஆகியவற்றைப் பாருங்கள்.

ஒருமுறை சரிசெய்த பயாஸ் அப்படியே நிற்காது. வெப்பநிலை மாறும்போதும், மின்முனைகளின் கீழ் மின்னூட்டம் தேங்கும்போதும் வளைவு மெல்ல நகர்கிறது. இதற்காகத் தானியங்கிப் பயாஸ் கட்டுப்படுத்தி இருக்கிறது. அது பயாஸின்மேல் மிகச் சிறிய, மெதுவான ஓர் அலைவைச் சேர்த்து, வெளிவரும் ஒளியில் சிறிதளவைப் பிரித்துக் கேட்கிறது. குவாட்ரேச்சரில் வளைவு நேராக இருப்பதால் அந்த அலைவின் இரட்டை அதிர்வெண் அங்கே மறைந்துவிடும். உச்சத்திலோ அடியிலோ மூல அதிர்வெண் மறைந்து, இரட்டை அதிர்வெண் மட்டும் எஞ்சும். எது மறைய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், கட்டுப்படுத்தி அந்தப் புள்ளியைத் தேடிப் பிடித்து நிற்கும்.

லித்தியம் நையோபேட்டுக்குப் பதில் சிலிக்கானைப் பயன்படுத்தினாலும் நிலைமை இதுவே. சிலிக்கானில் பாக்கல்ஸ் விளைவு இல்லாததால், 1987-இல் சோரெஃபும் பென்னட்டும் ஆராய்ந்து எழுதிய மின்னூட்ட அடர்த்தி விளைவைக் கொண்டு பண்பேற்றிகள் செய்யப்படுகின்றன. அவற்றுள் சிறிய வளைய வகை இயங்கும் அலைநீளம், ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறக்குறைய 0.07 நானோமீட்டர் நகர்ந்துவிடுவதால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு வெப்பமூட்டி தேவைப்படுகிறது. பொருள் எதுவானாலும் புள்ளியைப் பிடித்து நிறுத்தும் வேலை தொடர்கிறது.

படி 9: கட்டத்தையும் பயன்படுத்தும் ஐக்யூ பண்பேற்றிக்குச் செல்லுங்கள்

பயாஸை அடிப்புள்ளியில் நிறுத்தி, அதன் இருபுறமும் சைகையை ஊசலாடவிட்டால் என்ன ஆகும்? இரு முனைகளிலும் ஒளித்திறன் ஒன்றே. ஆனால் கட்டம் 180 பாகை மாறியிருக்கும். இதற்கு அரையலை மின்னழுத்தத்தின் இரு மடங்கு அலைவு தேவை. இப்படிப்பட்ட இரண்டு மாக்-ஜெண்டர்களை, ஒரு பெரிய மாக்-ஜெண்டரின் இரு கிளைகளில் பொருத்தி, அவற்றுக்கிடையே 90 பாகை வேறுபாட்டை வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கின்றன. ஒரு சிம்பலுக்கு இரண்டு பிட்கள். இரண்டு தளவிளைவுகளிலும் இதையே செய்தால் நான்கு பிட்கள். நொடிக்கு 28 கிகா சிம்பல் வேகத்தில் 112 கிகாபிட் செல்வது இவ்வாறுதான். பிழைதிருத்தப் பிட்களைக் கழித்தால் 100 கிகாபிட் பயனுக்குக் கிடைக்கும். 400 கிகாபிட்டுக்கான 400-இசட்ஆர் தரத்தில், வீச்சையும் கட்டத்தையும் சேர்த்து 16 நிலைகளை உருவாக்கும் 16-குவாம் முறையை இரண்டு தளவிளைவுகளிலும் கையாள்வதால் ஒரு சிம்பலுக்கு எட்டுப் பிட்கள், ஏறக்குறைய 60 கிகா சிம்பல் வேகத்தில் செல்கின்றன.

இங்கே ஒவ்வொரு தளவிளைவுக்கும் மூன்று, ஆக மொத்தம் ஆறு பயாஸ்கள். சீர்செய்யும் வரிசை முக்கியம்: முதலில் உள்ளிருக்கும் சிறிய மாக்-ஜெண்டர்களை அடிப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள்; அதன் பிறகே 90 பாகைப் பயாஸைத் தொடுங்கள். ஏற்பியில் சிம்பல்களைப் புள்ளிகளாக வரைந்து பாருங்கள். புள்ளிக் கூட்டம் முழுவதும் மையத்திலிருந்து விலகியிருந்தால் சிறிய மாக்-ஜெண்டர்களில் ஒன்று அடிப்புள்ளியில் இல்லை. சதுரமாக இருக்க வேண்டியது சாய்ந்த இணைகரமாகத் தெரிந்தால் 90 பாகை தவறியிருக்கிறது. சதுரம் நீள்சதுரமாகத் தெரிந்தால் பயாஸை விட்டுவிட்டு, இரண்டு டிரைவர்களின் பெருக்கத்தைச் சமப்படுத்துங்கள்.